வாழைநாரும் ஊர்க்கூட்டு நெசவும்



நூல் என்னுஞ் சொல் நம் தாய்மொழியில் இருபொருள் தருவது. புலவர் இயற்றும் ஏடும் நூல். நெய்வார் கையில் ஓடும் இழையும் நூல். இவ்விரண்டிற்கும் பெயர் ஒன்றாயது வெறும் சொல்லொற்றுமை அன்று. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூல் செய்தலை நூல் நூற்றலோடு வைத்து விளக்கினார். சொல்லே பஞ்சு, வாயே கை, அறிவே கதிர் என்பது அவர் கூறிய உவமையின் சுருக்கம். இங்கே நம் மரபினர் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முனிவர் புலவனுக்கு உவமையாகக் கொண்டது தறியில் அமர்ந்த நெய்வோனை அன்று. கதிர் கொண்டு நூற்கும் ஒரு பெண்ணையே. அரசவையில் இருந்து பாடும் புலவனுக்கு, வீட்டுத் திண்ணையில் இருந்து நூற்கும் பெண் உவமையானாள்.

இவ்வுவமையைப் பள்ளியில் பல்லாண்டு மாணவர்க்குப் பாடஞ் சொல்லியும், அதன் முழுப்பொருள் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. நெசவென்றால் தறியும், தறியென்றால் அதிலமர்ந்த ஆண்மகனுமே என் நினைவில் நின்றன. நெசவு ஒருவன் கைத்தொழில் அன்று, ஊர் கூடிச் செய்யுந் தொழில் என்பதையும், இழை ஆக்கித் தருவாரைப் புறக்கணித்த ஊரில் தறி நிலையாது என்பதையும் பிற்காலத்தே அறிந்தேன். வாழைநாரால் ஆடை நெய்த இரண்டு ஊர்களின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள் ஒன்று நம் சென்னைக்கு அணித்தே உள்ளது. மற்றொன்று கீழ்க்கடலில் உள்ள ஒரு தீவினது.

முதற்கண் நம் பழைய நிலையைச் சிறிது நோக்குவோம். சங்க நூல்களில் நெய்வாரைக் காட்டிலும் நூற்பாரே நம் உள்ளத்தைத் தொடுவர். துணையற்ற மகளிர் தம் உழைப்பால் நுண்ணிய நூல் நூற்றதை நற்றிணை குறிக்கின்றது. பருத்தி நூற்கும் ஒருத்தி இரவில் சிறுவிளக்கொளியில் எழுந்து பஞ்சின் குப்பையை நீக்கும் காட்சியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் காட்டுகின்றார். சிலப்பதிகாரமோ, பட்டாலும் மயிராலும் பருத்தியாலும் நுண்வினை செய்யும் காருகர் புகார் நகரில் தனியிடம் பெற்று வாழ்ந்ததை உரைக்கின்றது. காருகர்க்கு நகரில் ஓர் இருக்கை கிடைத்தது; நூற்ற பெண்ணுக்குக் கிடைத்தது சிறுவிளக்கின் ஒளி மட்டுமே. ஆயினும் அவள் இல்லையேல் இவர் இல்லை என்பது அறிவார்க்கு நன்கு விளங்கும்.

இவ்வுண்மையை வாணிகஞ் செய்ய வந்த வேற்று நாட்டாரும் அறிந்திருந்தனர். 1734ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் கூவத்தின் வளைவிலிருந்த ஒரு பெருந்தோட்டத்தை எடுத்து, நெசவாளரைக் குடியேற்றி ஊரொன்று அமைத்தனர். அதுவே சின்னத்தறிப்பேட்டை, இன்று சிந்தாதிரிப்பேட்டை என மருவி வழங்குகின்றது. அங்கே அவர்கள் நெய்வாரை மட்டும் கொண்டுவந்து வைத்தாரில்லை. நூற்பாரையும், துணிக்கு வண்ணம் எழுதுவாரையும், வெளுப்பாரையும் உடன் வைத்தனர். ஆதாயம் ஒன்றையே கருதிய கம்பெனியாருக்கும், தறி மட்டும் இருந்தால் துணி வாராது என்பது தெரிந்திருந்தது.

இனிச் சோழமண்டலக் கரையின் கட்டத் துணியைப் பற்றிக் கூறுவேன். ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னுங் கோட்டையைக் கட்டி, அவ்வட்டாரத்துத் துணியைக் கடல் கடத்தினர். கட்டமிட்ட பருத்தித் துணி பிற்காலத்தே மெட்ராஸ் கைக்குட்டை எனப் பெயர் பெற்று, மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. பெயர் கைக்குட்டையாயினும், அங்குள்ளார் அதனைக் கைதுடைக்கக் கொண்டாரல்லர். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதனை இஞ்சிரி என்று அழைத்துக் குலச்செல்வமாகப் பெட்டியில் வைத்துப் போற்றினர். பிறந்த மகவுக்கும் இறந்த முதியோர்க்கும் உரிய சடங்குகளில் இத்துணி இடம்பெற்றது. அம்மட்டோ! அக்குலப் பெண்டிர் நம்மவர் நெய்த கட்டத் துணியிலிருந்து குறித்த இழைகளைக் கத்தியால் அறுத்து உருவி நீக்கி, எஞ்சிய இழைகளால் புதுக்கோலம் தோற்றுவித்தனர். அதற்குப் பெலெத்தே பிட்டே என்று பெயர். நம் ஊரில் ஒருத்தி ஓட்டிய இழையை, பெயரும் முகமும் அறியாத மற்றொருத்தி கடலுக்கு அப்பால் உருவி எடுத்தாள். இருவர் கைவினையாலும் ஒரு துணி நிறைவு பெற்றது.

இக்கைக்குட்டை நெய்த ஊர்களுள் ஒன்று அனகாபுத்தூர். பல்லாவரத்திற்கு அண்மையில் அடையாற்றங்கரையில் உள்ள இவ்வூர், 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று. தலைமுறை தலைமுறையாக இங்குள்ள நெசவாளர் நைஜீரிய நாட்டுக்குத் துணி நெய்து பிழைத்தனர். உள்ளூரில் விற்கும் வழக்கம் அவர்க்கில்லை. வாங்குவார் முகத்தை அவர் கண்டதும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் நைஜீரிய அரசினர் தம் நாட்டு ஆலைத்தொழிலைக் காக்கக் கருதி, வெளிநாட்டுத் துணியின் வரவைத் தடுத்தனர். அத்தடையால் அனகாபுத்தூரில் தறியோசை குறைந்தது. நெய்தார் பலர் வேறு தொழிலுக்குப் போயினர். விசைத்தறியின் போட்டியும் உடன் சேர்ந்தது. ஒரே சந்தையை நம்பிய ஊருக்கு அச்சந்தை அடைபட்டபோது நேர்ந்த கதி இது. நெய்தவர் குற்றம் இதில் யாதும் இல்லை.

எஞ்சிய சிலர் சோர்ந்து கிடக்கவில்லை. பருத்தி நூல் விலை ஏறியிருக்க, விலையின்றிக் கிடப்பது யாதென்று தேடினர். வாழைமட்டை கண்ணிற் பட்டது. வாழை ஒருமுறை குலை ஈன்றபின் வெட்டப்படுவது. குலை சந்தைக்குப் போகும். இலை பந்திக்குப் போகும். பூவும் தண்டும் கறிக்கு ஆகும். மட்டைகளோ பெரும்பாலும் தோட்டத்திலே அழுகும். பூத்தொடுக்கச் சிறிது நார் கிழிப்பதன்றி நாம் அதனை மதித்ததில்லை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று பழமொழி கூறுகின்றோமே. அதனுள்ளும் நாருக்குத் தனிப்பெருமை இல்லை, பூவினால் வந்த பெருமையே உண்டு. அனகாபுத்தூர் நெசவாளர் அந்நாரையே இழையாக்கிப் பருத்தியோடும் பட்டோடும் கலந்து சேலை நெய்தனர். சணல், கற்றாழை, அன்னாசி முதலியவற்றின் நாரையும் சேர்த்தனர். ஒரே சேலையில் 25 வகை இயற்கை நார்களை இணைத்து நெய்து பாராட்டும் பெற்றனர்.

வாழைநார் இழையாவது எங்ஙனம் என்பதை இளைஞர் அறிதல் நன்று. வெட்டிய மரத்தின் மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, நீளவாக்கில் கீறி, மழுங்கிய தகட்டால் சதையை வழித்தெடுக்க வேண்டும். எஞ்சுவது வெண்ணிற நார். அதனை அலசி உலர்த்தி, மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஓரிழையின் நுனியை மற்றோரிழையின் நுனியோடு பிணைத்து நீளமாக்க வேண்டும். பருத்தியைப் போல முறுக்கி நூற்றால் முடிவின்றி நீள்வதன்று இது. மட்டையின் நீளமே நாரின் நீளம். ஆகவே ஒரு சேலைக்கு வேண்டும் இழை அனைத்தும் முடிச்சு முடிச்சாக விரலால் ஆக்கப்படுவது. இவ்வேலையில் பெண்டிர் கையே மிகுதி. தறியில் நெய்யும் நாள் குறைவு. தறிக்கு முன் கழியும் நாளே அதிகம்.

இனி மற்றோர் ஊருக்குச் செல்வோம். வாழை இனத்து நாரால் ஆடை நெய்தல் நமக்குப் புதுமையாயினும், ஜப்பான் நாட்டின் தென்கோடியில் உள்ள ஓகினாவாத் தீவில் அது பல நூற்றாண்டு வழக்கம். அத்தீவு முன்னாளில் ரியூக்கியூ என்னுந் தனியரசாக இருந்து, 1879இல் ஜப்பானோடு சேர்க்கப்பட்டது. அரசர் முதல் உழவர் வரை அங்கு யாவரும் அணிந்தது பாஷோபு எனப்படும் வாழைநார் ஆடையே. வெப்பமும் ஈரமும் மிக்க அத்தீவில் உடலில் ஒட்டாத அவ்வாடை பெரிதும் ஏற்றது. கனிக்காக அன்றி நாருக்கென்றே வளர்க்கும் வாழை ஒன்று அங்குண்டு. தீவின் வடபால் ஓகிமி ஊரைச் சேர்ந்த கிஜோகா என்னுஞ் சிற்றூர் இந்நெசவுக்குப் பேர்போனது.

அவர்கள் முறையும் நம்மவர் முறைக்கு உறவுடையதே. நுட்பத்தில் ஒருபடி மேலானது. மூன்றாண்டு வளர்த்த வாழையை வெட்டுமுன், பலமுறை இலையையும் உச்சியையும் நீக்குவர். இதனால் அடியும் நுனியும் ஒத்த பருமனாகி, நார் மென்மையடையும். வெட்டியபின் மட்டைகளைப் புறத்திலிருந்து உள்நோக்கி நான்கு வகையாகப் பிரிப்பர். புறமட்டையின் நார் முரட்டுத் துணிக்கு. உள்மட்டையின் நார் நேரிய உடைக்கு. சாம்பற்காரம் கலந்த நீரில் வேகவைத்து, மூங்கிற் பிளவினால் வழித்து நாரெடுப்பர். பின்னர் முதிய பெண்டிர் அமர்ந்து இழையோடிழை பிணைப்பர். எல்லா வேலையினும் மிக்க காலம் கொள்வது இப்பிணைப்பே. காற்று வறண்டால் இழை அறும். ஆகையால் மழைக்காலத்து ஈரம் நெய்வதற்கு நன்று என்பர்.

இரண்டாம் உலகப்போர் இவ்வூரையும் விடவில்லை. 1945இல் ஓகினாவாவில் நிகழ்ந்த போரில் தீவு பாழாயிற்று. போர் முடிந்தபின் வந்த அமெரிக்கப் படையினர், மலேரியாவைப் பரப்பும் கொசு தங்குமென்று கருதி வாழைத் தோப்புகளை வெட்டி வீழ்த்தினர். ஆடையும் போயிற்று, ஆடைக்கு வித்தாகிய மரமும் போயிற்று. அக்காலத்தே 1921இல் பிறந்த தைரா தொஷிகோ என்னும் பெண்மணி, போர்ப்பணிக்கென்று அனுப்பப்பட்ட மகளிருள் ஒருவராய்க் குராஷிகி நகரத்து ஆலையில் இருந்தார். அவ்வாலைத் தலைவர் ஓஹாரா சோஇச்சிரோ, ஓகினாவாவின் நெசவைக் காக்குமாறு அவரை ஊக்கினார். அங்கேயே நெசவு பயின்று 1946இல் ஊர் திரும்பிய அவ்வம்மையார், மீண்டும் வாழை நட்டார். போரில் கணவரை இழந்த பெண்டிரை அழைத்து, நாரெடுக்கவும் பிணைக்கவும் உடன் அமர்த்தினார். நம் நற்றிணைப் புலவர் கண்ட துணையற்ற மகளிரே ஈராயிரம் ஆண்டுக்குப்பின் ஒரு தீவில் எழுந்துவந்தனர் போலும்!

ஆண்டுகள் பல கழிந்தபின், 1974இல் ஜப்பானிய அரசு கிஜோகா நெசவைக் காக்கத்தக்க அருங்கலையாக ஏற்றது. ஏற்றபோது, ஒருவரை மட்டும் கலைஞர் எனக் குறியாது, தொழில் செய்யும் கூட்டத்தையே உரியவராகக் குறித்தது. நாம் கைக்கொள்ளத்தக்க பாடம் இதுவே. 2000ஆம் ஆண்டில் தைரா அம்மையார் நாட்டின் வாழும் செல்வம் எனச் சிறப்பிக்கப்பெற்று, 2022இல் நூறாண்டு கடந்த முதுமையில் மறைந்தார். அவர் தனிப்பெருமை பெற்றது உண்மையே. ஆயினும் கூட்டத்தின் பெருமை முன்னும், தலைவியின் பெருமை பின்னுமாக வந்தது என்பதை மறத்தல் கூடாது.

ஈங்கு என் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூற அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். என் தந்தையார் குழித்தறியில் நெய்தவர். தெருவில் நல்ல கைக்காரர் என்று பெயர் பெற்றவர். என் பாட்டியார், தந்தையைப் பெற்றவர், விடியுமுன் எழுந்து தார் சுற்றுவார். பாவு தீர்ந்தால் பழைய பாவின் நுனிகளோடு புதியதைப் பிணைப்பார். பிணைத்த முடிச்சு விழுதிலும் அச்சிலும் தடையின்றிச் செல்லும். தறியிலிருந்து அறுத்தெடுத்த துண்டு நூலையும் அவர் எறிந்தாரல்லர். அவற்றை முறுக்கிக் கயிறாக்கி வீட்டில் எத்தனையோ காரியத்திற்குக் கொண்டார். கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு விரிப்பாக்கினார். அவ்விரிப்பில் உறங்கியே யான் வளர்ந்தேன்.

பாட்டியார் மறைந்த ஆண்டிலேயே எங்கள் வீட்டுத் தறி நின்றது. விசைத்தறியால் நின்றது, கூலி குறைவால் நின்றது என்று யான் பலரிடம் கூறிவந்தேன். அவையும் காரணமே. ஆயினும் ஒருநாள் என் தந்தையார் கூறியது வேறு: "தம்பி! கூலி முன்னும் குறைவுதான். பாவு பிணைக்க ஆள் இல்லாமற் போயிற்று, அதனால் விட்டேன். அம்மாவுக்கு ஒருநாளும் கூலி என்று ஒன்றும் கொடுத்ததில்லை. அதையும் நான் கணக்கில் வைத்ததில்லை" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. பவணந்தியாரின் உவமை எனக்கு அன்றே விளங்கிற்று. மாணவர்க்கு நன்னூல் நடத்தும்போதெல்லாம் அவ்விடத்தில் என் குரல் சிறிது தடுமாறும்.

இஃது எங்கள் வீட்டுக் குறை மட்டும் அன்று. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, நாட்டில் கைத்தறித் தொழில் செய்வார் ஏறக்குறைய 35 இலட்சம் பேர். அவருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் பெண்டிர். நெய்தலன்றி, நூல் சுற்றல், பாவு ஓட்டல், சாயமிடல் முதலிய துணைத்தொழில் செய்வார் மட்டும் 8 இலட்சத்திற்கு மேற்பட்டவர். கணக்கெடுத்தார் ஏட்டில் இவர்க்கெல்லாம் இடமுண்டு. நம் வீட்டுக் கணக்கிலும், நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் இவர்க்கு இடமுண்டா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வாராக.

வாழைநார்ச் சேலை விலை மிக்கது, அது கண்காட்சிக்கே ஆகும், வயிற்றுக்கு ஆகுமோ என்று சிலர் வினவலாம். வினவுதல் நியாயமே. பருத்தியின் இடத்தை வாழைநார் கொள்ளும் என்று யான் கூறவில்லை. நெசவுத் தெருக்கள் யாவும் நாருக்கு மாறவேண்டும் என்பதும் என் கருத்தன்று. அனகாபுத்தூரார் கற்பித்தது, ஒரு சந்தை அடைபட்டால் கையறு நிலையே முடிவன்று என்பதை. கிஜோகாப் பெண்டிர் கற்பித்தது, மரமே அற்றுப்போன இடத்தும் கூடி நின்றால் தொழில் மீளும் என்பதை. கழிவு என்று நாம் ஒதுக்குவது கழிவாவது, அதனை இழையாக்கும் கை இல்லாதபோதுதான். திருப்பூர்ப் பனியன் தொழிலில் வெட்டி எறியும் துண்டுகள் மீண்டும் பஞ்சாகி நூலாதலையும், அத்துண்டுகளைக் கொண்டே ஏழைப் பெண்டிர் கால்மிதி பின்னி விற்றலையும் நாம் காண்கின்றோம் அன்றோ!

ஆகவே நம் சங்கத்தார்க்கும் கிளைச் சபையார்க்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன்.

முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் தறித்தொழில் அறிந்த முதியோரை, சிறப்பாக மூதாட்டியரை, அணுகி அவர்தம் சொற்களையும் முறைகளையும் எழுதி வைத்தல் வேண்டும். பாவு, ஊடை, விழுது, அச்சு, தார், நாடா என்னுஞ் சொற்களை நம் பிள்ளைகள் பலர் இன்று அறியார். சொல் மறைந்தால் தொழில் மறைந்ததற்கு அதுவே சான்றாகும். இப்பணிக்குப் பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். நம் குலத்துப் பள்ளிச் சிறார் விடுமுறையில் இதனைச் செய்யலாம்.

இரண்டாவது, கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள நம்மவர், தார் சுற்றுவார்க்கும் பாவு பிணைப்பார்க்கும் தனிக்கூலியும் உறுப்பினர் உரிமையும் கிடைக்க முயலல் வேண்டும். நெய்தார் கூலியில் அடங்கிற்று என்று கூறி மறைப்பது அறமன்று.

மூன்றாவது, ஆண்டுவிழாவில் நல்ல நெசவாளர்க்குப் பரிசளிக்கும் நம் வழக்கம் போற்றத்தக்கதே. அப்பரிசை வாங்க மேடைக்கு வருவோர், தமக்கு இழை ஆக்கித் தந்தவரையும் உடன் அழைத்து வருதல் வேண்டும். தாயாயினும், மனைவியாயினும், அண்டை வீட்டுக் கிழவியாயினும் அவர் பெயரும் இதழில் அச்சேறுதல் வேண்டும். கிஜோகாவின் பெருமை கூட்டத்துக்கே முதலில் உரியதானது போல, நம் பெருமையும் அங்ஙனமே ஆகுக.

என் பாட்டியார்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் தைத்த விரிப்பு ஒன்று மட்டும் எம் வீட்டுப் பெட்டியில் உள்ளது. அதன் தையல் இன்னும் விடவில்லை.

நூற்றார் வாழ்க! பிணைத்தார் வாழ்க! நெய்தார் வாழ்க!